புரட்டாசியில் வரும் கதிர்க்குருவிகள்

புரட்டாசி பிறந்து சில நாள் போவதற்குள் சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து வேலிகளில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ‘டெக்’. சற்று இடைவெளி. மறுபடியும் ‘டெக்’. இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் வருமே, அப்படி ஒரு வறண்ட ஒலி. சத்தம் வந்த இடத்தைப் பார்த்தால் காரைச் செடியும் அதன்மேல் படர்ந்த கோவைக் கொடியும்தான் தெரியும். இலை ஒன்று அசையும். அசைந்த இடத்துக்கு நம் பார்வை போவதற்குள் சத்தம் இரண்டடி தள்ளிப் போயிருக்கும். காகத்துக்கும் மைனாவுக்கும் பழகிய காதில் இது பறவையின் குரலாகவே பதியாது. பல்லியோ பூச்சியோ என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

அது ஒரு கதிர்க்குருவி. பிளைத் நாணல் கதிர்க்குருவி என்பது முழுப்பெயர். சென்னையில் பறவை பார்க்கிறவர்கள் சுருக்கமாக ‘பிளைத்ஸ்’ என்பார்கள். சிட்டுக்குருவியைவிடச் சிறியது, எடை பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்து, பால்டிக் நாடுகள், ரஷ்யா, கஜகஸ்தான் என்று விரிந்த நிலத்தில் மே, ஜூன் மாதங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. உலகத்தில் உள்ள பிளைத்ஸ் பறவைகளில் ஏறக்குறைய எல்லாமே குளிர்காலத்தைக் கழிக்க இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இலங்கைக்கும்தான் வருகின்றன. ஐரோப்பாவின் மற்ற சிறு பறவைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவை நோக்கித் தெற்கே போகும்போது, பின்லாந்தில் பிறந்த பிளைத்ஸோ தென்கிழக்கே திரும்பிவிடுகிறது. ஹெல்சிங்கியிலிருந்து தாம்பரத்துக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை இரவுகளில் பறந்து, பகலில் வழியில் கிடைத்த புதரில் இரை தேடி, வாரக்கணக்கில் கடந்து வருகிறது.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது, முதல் வருடக் குஞ்சுகளும் தனியாகவே வந்து சேர்கின்றன என்பது. வழிகாட்ட தாய் தந்தை கூட வருவதில்லை. எந்தத் திசையில் எத்தனை நாள் பறக்க வேண்டும் என்பது பிறப்பிலேயே வருகிறது. ஜெர்மனியில் பீட்டர் பெர்த்தோல்டும் ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக்கும் பிளாக்கேப் என்ற கதிர்க்குருவியை வைத்து இதைக் காட்டினார்கள். தென்மேற்கே வலசை போகும் கூட்டத்தையும் தென்கிழக்கே போகும் கூட்டத்தையும் இணைசேர்த்தபோது, பிறந்த குஞ்சுகள் கூண்டுக்குள் இரண்டுக்கும் நடுவான திசையை நோக்கித் துடித்தன. பெற்றோரிடமிருந்து திசையே மரபாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி அடையாளம் காணும் விஷயத்துக்கு வருவோம். கதிர்க்குருவிகளைப் பார்க்கத் தொடங்குகிற எவரும் முதலில் சோர்ந்து போவார்கள். மேலே பழுப்பு, கீழே வெளிறிய வெள்ளை; அல்லது மேலே மங்கிய பச்சை, கீழே வெளிறிய மஞ்சள். பத்து இனங்கள் இந்த இரண்டு வர்ணனைக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அங்குள்ள கதிர்க்குருவிகள் வசந்தத்தில் மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று ஜொலிக்கும். இலையுதிர் காலத்தில் தெற்கே கிளம்பும்போது பல இனங்கள் அந்த வண்ணத்தைக் களைந்து ஒன்றுபோல ஆகிவிடும். ரோஜர் டோரி பீட்டர்சனின் புகழ்பெற்ற கையேட்டில் இந்தக் குழப்பமான இலையுதிர்காலக் கதிர்க்குருவிகளுக்கென்றே தனிப் படப்பக்கங்கள் இருந்தன. நம் ஊருக்கு வருகிறவை அவற்றுக்கு உறவே இல்லாத வேறு குடும்பங்கள். இவற்றுக்குக் களைவதற்கு வண்ணம் இல்லை. ரஷ்யாவில் பாடும்போதும் பழுப்புதான், ராஜகீழ்ப்பாக்கத்தில் இரை தேடும்போதும் பழுப்புதான். ஆண், பெண் வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வண்ணத்தைத் தேடுவதை முதல் நாளே விட்டுவிட வேண்டும். சத்தம், இடம், நடத்தை: இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் கதிர்க்குருவிகள் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பிக்கும். இறகின் நுணுக்கம் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை, வருடம் முழுக்க இங்கேயே இருக்கிறவற்றைத் தெரிந்துகொள்வது. தையல்சிட்டு இல்லாத தெரு நம் புறநகரில் இல்லை. ஆடாதோடையிலும் செம்பருத்தியிலும் திரியும். தலையில் செம்பழுப்புத் தொப்பி, முதுகு பச்சை, வால் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரலில் ‘டுவீட் டுவீட் டுவீட்’ என்று விடாமல் கத்தும். சாம்பல் கதிர்க்குருவி காலி மனைகளில் புல்லும் எருக்கும் கலந்து நிற்கும் இடத்தில் இருக்கும். நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டும், பறந்து எழும்போது ‘டிக் டிக்’ என்று சொடுக்குவது போன்ற ஒலி எழுப்பும். ஏரிக்கரைப் புல்லில் விசிறிவால் கதிர்க்குருவி வானில் ஏறி இறங்கிக்கொண்டே ‘ஜிட் ஜிட்’ என்று சொல்லும். இந்த மூன்றும் ஒரே குடும்பம். முன்பெல்லாம் பழுப்பாகச் சிறிதாக இருந்த எல்லாவற்றையும் சில்விடே என்ற ஒரே பெரிய குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள். 2000-க்குப் பிறகு மரபணு ஆய்வுகள் அந்தக் குடும்பத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துவிட்டன. தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் நாணல் கதிர்க்குருவியும் இலைக் கதிர்க்குருவியும் உண்மையில் தூரத்து உறவுதான். களத்தில் இது நமக்கு உதவி செய்கிறது. தூரத்து உறவுகள் நடந்துகொள்ளும் விதம் வேறுவேறாக இருக்கிறது.

பிளைத்ஸை நன்றாகப் பார்க்க ஒரே வழி, சத்தம் வந்த புதரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி அசையாமல் நிற்பது. துரத்தினால் புதருக்குள் இன்னும் ஆழமாகப் போகும். நின்றால், ஒரு இடத்தில் அரை நிமிடம் வெளியே வரும். அப்போது பார்க்க வேண்டியவை இவை. அலகு நீளம், அடியில் வெளிறிய நிறம். நெற்றி தட்டையாகச் சரிந்து அலகில் சேர்வதால் முகம் கூர்மையாகத் தெரியும். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு வெளிறிய புருவக் கோடு. கண்ணைத் தாண்டியதும் அது அநேகமாக மறைந்துவிடும். முதுகு மண்ணும் ஆலிவும் கலந்த பழுப்பு, சிறகில் பட்டை ஏதும் இல்லை. வால் நுனி வட்டமானது. வாலின் அடியில் உள்ள மூடு இறகுகள் நீளமாக இருப்பதால் உடம்பின் பின்பகுதி கனமாகத் தோன்றும். கிளையில் அமரும்போது அலகும் வாலும் சற்று உயர்ந்து, உடம்பு வளைந்து நிற்கும். ஒரு இலையின் அடியை எட்டிப் பார்க்கும், ஒரு புழுவை எடுக்கும், வாலை ஒருமுறை விரித்து மூடும், ‘டெக்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். சில சமயம் கோபத்தில் ‘ட்ர்ர்ர்’ என்று நீட்டியும் கத்தும். தன் புதருக்குள் இன்னொரு பிளைத்ஸ் நுழைந்தால் இந்தக் குரலை அடிக்கடி கேட்கலாம். பெயரில் நாணல் இருந்தாலும் நாணலை இது தேடுவதில்லை. களா, சூரை, சங்கம், உன்னி, கொடுக்காப்புளி, வீட்டுத் தோட்டத்து மருதாணி என்று அடர்ந்து நிற்கும் எதுவும் அதற்குப் போதும். கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1849-இல் இதற்கு வைத்த அறிவியல் பெயரும் டுமெட்டோரம், புதர்களுக்கு உரியது என்றுதான் பொருள்படும்.

நாணல் வேண்டுமானால் பள்ளிக்கரணைக்கோ பெரும்பாக்கத்துக்கோ போக வேண்டும். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தில் சம்பு வளர்ந்த பகுதிகளில் வேறு இரண்டு இனங்கள் இருக்கின்றன. பெரிய நாணல் கதிர்க்குருவியைத் தவறவிடவே முடியாது. கதிர்க்குருவிகளில் இது பெரியது, 18 செ.மீ.க்கு மேல் நீளம். சம்புத் தண்டை இரண்டு கால்களாலும் பற்றிக்கொண்டு, தொண்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ‘கர்ரா கர்ரா கரீட்’ என்று வாகன இரைச்சலையும் மீறிக் கத்தும். சாலையோரத்தில் பேருந்துக்காக நிற்கும்போதே காதில் விழும் அளவுக்கு உரத்தது. அதன் ‘டெக்’கும் பிளைத்ஸின் ‘டெக்’கைவிடக் கனத்து ‘சக்’ என்று ஒலிக்கும். இன்னொன்று வயல் நாணல் கதிர்க்குருவி. இதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சம்புத் தண்டுகளின் அடிப்பகுதியில் திரியும். பிளைத்ஸைவிடச் செம்மை கலந்த பழுப்பு, அலகு குட்டை, அதன் கீழ்ப்பாதியின் நுனி கருமை. புருவக் கோடு கண்ணைத் தாண்டி அகலமாக ஓடும். அதன் மேல்விளிம்பில் மெல்லிய கருங்கோடு ஒன்று உண்டு. இந்த முகத்தை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டால் பிளைத்ஸோடு குழம்பாது.

உண்மையில் குழப்புகிறவை இனி வருகின்றன. முடிச்சூர், வண்டலூர், கேளம்பாக்கம் பக்கம் புல்வெளியும் சீமைக்கருவேலமும் கருவேலமும் திட்டுத்திட்டாக நிற்கும் வெளிகளில் ஒரு வெளிறிய கதிர்க்குருவி குளிர்காலத்தில் இருக்கும். பூட்டட் என்பார்கள். ரஷ்ய, கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்து வருகிறது. பிளைத்ஸ் வேலிக்குள் மறைந்து வாழ்வது. பூட்டட் முள்மரத்தின் நுனிக் கிளைகளில் இலைக் கதிர்க்குருவியைப் போல சுறுசுறுப்பாகத் தாவித் திரிவது. நிறம் மணலை ஒத்தது. அலகு குட்டை, தலை உருண்டை, வால் நுனி வட்டமாக இல்லாமல் நேராக வெட்டியது போலிருக்கும், வாலின் ஓரத்தில் மங்கிய வெள்ளை தெரியும். வாலடி இறகுகள் குட்டையாக இருப்பதால் பின்பகுதி கனமாகத் தோன்றாது. இதுவும் ‘செக்’ என்றுதான் சொல்லும், ஆனால் மெலிதாக. இதன் நெருங்கிய உறவு சைக்ஸ். தக்காணத்தில் ராணுவ அதிகாரியாக இருந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1832-இல் விவரித்த பறவை. நீண்ட காலம் இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். சைக்ஸின் அலகும் வாலும் நீளம், நிறம் இன்னும் வெளிறியது, முகத்தில் அடையாளம் குறைவு. ஒளி மங்கிய காலையில் பார்த்த ஒரு பறவையைப் பூட்டட்டா சைக்ஸா என்று அடித்துச் சொல்லாமல், இரண்டில் ஒன்று என்று குறிப்பேட்டில் எழுதுவதில் தவறு ஒன்றும் இல்லை. பறவை எண்ணிக்கைத் தரவுகளுக்கு ‘பூட்டட் அல்லது சைக்ஸ்’ என்ற பதிவு, தவறான ஒரு பெயரைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

புதரையும் புல்லையும் விட்டு மரத்துக்குப் போவோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு மாறியது. சேலையூர்க் காட்டின் ஒரு பகுதியாக இருந்த 365 ஏக்கர் அது. வேதியியல் பேராசிரியராக வந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களில் தேர்ந்தவர். வளாகத்தின் மரங்களில் பல அவர் முயற்சியால் வந்தவை. பிற்காலத்தில் புள்ளியியல் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, கோலத்தின் கணிதத்தையும் பழைய கல்வெட்டு எழுத்துகளையும் ஆராய்ந்த அதே கவனத்தோடு தாம்பரத்துப் பறவைகளையும் குறித்து வைத்தார். அப்படி ஒரு மரச்செறிவில் அண்ணாந்து நின்றால், இலைக்கூட்டத்தின் மேல்மட்டத்தில் ஓயாமல் தாவும் சிறிய பச்சைப் பறவைகள் தெரியும். இலைக் கதிர்க்குருவிகள். பிளைத்ஸைவிடச் சிறியவை. கழுத்து வலிக்கும், பறவை இரண்டு நொடிக்குமேல் ஓர் இடத்தில் நிற்காது. இவற்றில் நீளமான மஞ்சள் கலந்த வெள்ளைப் புருவக் கோடும், சிறகில் மெல்லிய ஒற்றைப் பட்டையும், ‘சிஸ்-வீ’ என்று இரண்டு அசையில் முடியும் குரலும் உள்ளது கிரீனிஷ் என்ற இளம்பச்சை இலைக் கதிர்க்குருவி. காகசஸ் மலைகளிலிருந்தும் வட ஈரானிலிருந்தும் வரும் அதன் உறவு தொண்டையிலும் முகத்திலும் கூடுதல் மஞ்சள் கொண்டது. அதன் குரல் மூன்று அசையாக உடையும். இமயத்தில் கூடு கட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் போகும் பெரிய அலகு இலைக் கதிர்க்குருவி, ‘டிர்-டீ’ என்று முதல் ஸ்வரத்தைவிட இரண்டாவதை உயர்த்திச் சொல்லும். சிறகுப் பட்டை தேய்ந்துபோன பறவையையும் இந்த ஒரு குரலால் பிரித்துவிடலாம்.

கிரீனிஷ் பற்றி இன்னும் சற்று சொல்ல வேண்டும். இதன் கூடு கட்டும் பகுதி திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கிறது. இமயத்திலிருந்து மேற்கே போய், மத்திய ஆசிய மலைகள் வழியாக வடக்கே சைபீரியா வரை ஒரு கை. கிழக்கே சீனா வழியாக வடக்கே சைபீரியா வரை இன்னொரு கை. பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்கள் பாட்டிலும் தோற்றத்திலும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகின்றன. இமயத்தில் பாட்டு குட்டையாக, எளிமையாக இருக்கிறது. வடக்கே போகப்போக இரண்டு கைகளிலும் அது நீண்டு சிக்கலாகிறது, ஆனால் வேறுவேறு விதமாக. சைபீரியாவில் இரண்டு கைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் பாட்டை மற்றொன்று தன் இனத்தின் பாட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை, இணைசேர்வதும் இல்லை. டேரன் இர்வின், ஸ்டஃபான் பென்ஷ், ட்ரெவர் பிரைஸ் மூவரும் 2001-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். 2014-இல் மரபணுக்களை விரிவாகப் பார்த்த ஆய்வு, அந்த வளையத்தில் இடையிடையே முறிவுகளும் இருந்திருக்கின்றன என்று காட்டியது. ஓர் இனம் இரண்டாகப் பிரிவதை வரைபடத்தில் வைத்துப் பார்க்க முடிகிற அரிய இடம் இது. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான பிரைஸ், கிரீனிஷ் பறவையை அதன் குளிர்கால வாழிடத்திலும் கவனித்தவர். மதுசூதன் கட்டி முண்டந்துறையில் இலைக் கதிர்க்குருவிகளை ஆராய்ந்தார். வளையத்தின் மேற்குக் கையைச் சேர்ந்தவைதான் நம் பக்கம் வருகின்றன. கிழக்குக் கையினர் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகிறார்கள்.

காதால் பிரிப்பது புதுப் பழக்கம் இல்லை. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1768-இல் எழுதிய கடிதம் ஒன்றில், அதுவரை ஒன்றாகவே கருதப்பட்ட இலைக் கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்று சொன்னார். அவர் கையில் பைனாகுலர் கிடையாது. பாட்டு மூன்று விதமாக இருப்பதைக் கேட்டுத்தான் முதலில் சந்தேகப்பட்டார். இன்று கைப்பேசி இருக்கிறது. ஒலியைப் பதிவு செய்து, அலைவடிவமாகப் பார்த்து, பிறரிடம் காட்டலாம். மெர்லின் போன்ற செயலிகள் பெயரும் சொல்லும். ஆனால் ஒற்றை ‘டெக்’ மிகச் சிறிய ஒலி. நாணல் கதிர்க்குருவிக்கும் பூட்டட்டுக்கும் அணிலுக்கும் கூட ஒன்றுபோலவே கேட்கும். செயலி சொன்ன பெயரைத் துப்பாக வைத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும். பத்து நாள் ஒரே வேலியோரம் நின்று கேட்டால் செயலியின் உதவி பெரிதாகத் தேவைப்படாது. நம் காது அவ்வளவு நல்லது.

கண்ணும் காதும் போதாத இடமும் உண்டு. காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பறவை ஆய்வில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1867 நவம்பரில் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். அலகு வழக்கத்தைவிடப் பெரிது. அந்த ஒற்றை உடலைத் தவிர அப்படி ஒரு பறவையை அதன்பின் நெடுங்காலம் யாரும் கண்டதாகப் பதிவில்லை. தனி இனமா, ஏதோ ஒரு விதிவிலக்கா என்றுகூடத் தெரியாமல் ஒரு நூற்றாண்டுக்குமேல் கிடந்தது. 2002-இல் மரபணுச் சோதனை தனி இனம்தான் என்றது. 2006 மார்ச்சில் தாய்லாந்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பிலிப் ரவுண்ட் வலையில் பிடித்த பறவைகளில் ஒன்று அதே இனம் என்று உறுதியானது. அதன் பிறகு அருங்காட்சியக இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார்கள். பிளைத்ஸ் என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தவற்றுக்குள்ளேயே அந்தப் பறவை இருந்தது. 2008, 2009-இல் ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் அது கூடு கட்டுவதையும் கண்டார்கள். பிளைத்ஸ் என்று நாம் நிதானமில்லாமல் எழுதும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ள வேண்டிய கதை இது. கையில் வைத்து, சிறகின் நீண்ட இறகுகளில் எது எதைவிட எத்தனை மில்லிமீட்டர் குட்டை என்று அளந்து பார்க்கிற முறை இப்படிப்பட்ட பறவைகளைப் பிரிப்பதற்காகத்தான். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும்போது அளவுகளையும் எடுப்பார்கள். களத்தில் நிற்கிற நமக்கு அதில் ஒரு பங்கு மட்டும் கிடைக்கும்: மடித்த சிறகில் நீண்ட இறகுகள் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பக்கவாட்டில் பார்க்கலாம். பிளைத்ஸுக்கு அது குறைவு.

இந்தப் பறவையின் வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செப்டம்பரில் வருகிறது, ஏப்ரலில் போகிறது. வடக்கே இருப்பது மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம், பயணத்தில் சில வாரங்கள், மிச்சமெல்லாம் இங்கே. வளர்ந்த பறவைகள் பழைய இறகுகளை உதிர்த்து முழுதாகப் புதிய இறகு போட்டுக்கொள்வதும் இந்தியாவுக்கு வந்த பிறகுதான். ரஷ்யப் பறவை என்று நாம் சொல்வது அது பிறந்த ஊரை வைத்து. வாழ்வின் பெரும்பகுதி இந்த வேலிகளில்தான் நடக்கிறது. குளிர்காலம் முழுக்க ஒரு சின்ன இடத்தைத் தனதாக்கிக்கொண்டு, அடுத்த பிளைத்ஸை உள்ளே விடாமல் விரட்டுகிறது. அந்த இடம் நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிட்ட கல்குவாரியின் விளிம்பாக இருக்கலாம், கொம்பன் ஆந்தையைத் தேடி வருகிறவர்கள் கவனிக்காமல் கடந்து போகும் களாப் புதராக இருக்கலாம். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் காலி மனை. வடகிழக்குப் பருவமழையில் அந்த மனையில் புதர் தழைக்கும், பூச்சி பெருகும். சரியாக அப்போதுதான் பாம்பு பயம், கொசுத் தொல்லை என்று சொல்லிப் பொக்லைன் வைத்து மொத்தமாக வழித்துவிடுகிறோம். பயம் நியாயமானதுதான், நடைபாதையை ஒட்டி மூன்றடி வெட்டினால் அது தீரும். மனையின் பின்பக்க வேலியை ஏப்ரல் முடியும் வரை விட்டுவைத்தால் அங்கே இருக்கும் பறவைக்கு அந்தப் பருவம் மிஞ்சும். பூங்கா அமைக்கும்போதும் இதே சிக்கல். புல்தரையும் தனித்தனி மரங்களும் இருக்கும், நடுவே இடுப்பளவுப் புதர் மட்டும் இருக்காது. இலைக் கதிர்க்குருவி அந்த மரங்களில் பிழைத்துக்கொள்ளும். பிளைத்ஸுக்கு அங்கே இடமில்லை. புதிதாக உருவாகும் ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மூலையில் காரை, சூரை, சங்கம், களா நட்டு, அதைத் தறிக்காமல் விட வேண்டும் என்று நான் கேட்கிறேன். தாம்பரம் மாநகராட்சிக்கு அது பெரிய செலவு வைக்காது.

பங்குனியில் ஒரு மாறுதல் வரும். ஆறேழு மாதமாக ‘டெக்’ மட்டும் சொன்ன பறவை, விடியற்காலையில் புதருக்குள்ளிருந்தே மெதுவாகப் பாட ஆரம்பிக்கும். ஒரு சொற்றொடரை நாலைந்து தடவை திருப்பிச் சொல்லும், இடையில் ‘டெக் டெக்’, பிறகு வேறொரு சொற்றொடர். மற்றப் பறவைகளின் குரலையும் நடுவில் செருகும். வடக்கே ஜூன் இரவுகளில் உரக்கப் பாடப்போவதன் ஒத்திகை இது. அடையாளம் காண்பதில் தடுமாறுகிறவர்களுக்கு வருடத்தின் மிக எளிய வாரங்கள் இவை. வயல் நாணலும் பூட்டட்டும் இந்த நிதானத்தில் பாடுவதில்லை.

1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற குழுக்களின் காலை நடைகளில் சேர்ந்தால் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு. தனியாகச் செய்ய விரும்பினால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வேலியைத் தேர்ந்தெடுத்து, ஆவணி கடைசியிலிருந்து காலையில் பத்து நிமிடம் நின்று தேதியோடு எழுதுங்கள். பறவை வந்த நாளைக் கேட்டால் பலரும் சொல்லுவார்கள், முதல் ‘டெக்’ மனதில் நிற்கும். போன நாளைச் சொல்ல ஆள் மிகக் குறைவு. அதற்கு, சத்தம் கேட்காத காலைகளையும் ‘இல்லை’ என்று எழுதி வைத்திருக்க வேண்டும். சித்திரை பிறந்து இரண்டு வாரம் வரை விடாமல் அதைச் செய்தால், உங்கள் வேலியின் பிளைத்ஸ் எந்த வாரத்தில் வடக்கே கிளம்பியது என்பது கையில் இருக்கும். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் அந்த ஏப்ரல் பதிவுகளைச் சேர்க்கும்போது, பாடியதா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.